கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோகிறவர்களுக்கு: 17 சதவீத ஈரப்பதத்தில் எங்கே தவறுகிறது? (அனுபவப் பகிர்வு)

நீடாமங்கலம் பக்கம், குறுவை விவசாயி

ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரின் நெல் ரேஷன் கடை வரை போய்ச் சேர்வது பெரும்பாலும் அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையம் வழியாகத்தான். 2025 செப்டம்பர் 1-இல் தொடங்கிய பருவத்துக்குக் குவிண்டால் விலை சன்ன ரகம் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய். இதில் மாநிலத்தின் ஊக்கத்தொகை 156-ம் 131-ம் அடக்கம். விலையில் குழப்பம் இல்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற இடத்தில்தான் நெல் நின்றுவிடுகிறது.

மிஷின் அறுவடையில் நெல் 20 முதல் 24 வரை ஈரத்தோடு இறங்கும். அறுப்புக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். பனி காய்ந்த பிறகு, காலை பத்து பத்தரைக்கு மேல் மிஷினை இறக்குங்கள். ஓட்டுநர் வேகமாகப் போவார். காற்றாடியையும் குறைத்து வைப்பார். அப்போது பதரும் கோரைத் துண்டும் நெல்லோடு டேங்கில் விழும். அந்தப் பச்சைத் துண்டுகளே ஈரத்தை ஏற்றிவிடும். முதல் டேங்க் இறங்கியதும் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, அங்கேயே காற்றைக் கூட்டச் சொல்லுங்கள். முழு வயலும் அறுத்த பிறகு சொல்லிப் பயனில்லை.

பாபநாசம் வட்டம், களத்து வேலை தெரிந்தவர்

அண்ணன் சொன்னதற்கு மேல் காயவைப்பதைப் பற்றி. நெல்லை ஒன்றரை அங்குலத்துக்கு மேல் பரப்பக் கூடாது. அந்தக் கனத்தில் ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 500 சதுர அடி வேண்டும், அதாவது 30-க்கு 18 அடி படுதா ஒன்று. ஏக்கருக்கு 60 சிப்பம் (40 கிலோ சாக்கு) கண்டால் 2,400 கிலோ. 1,200 சதுர அடிக்குக் குறைந்து இடம் பிடித்தால் அடி நெல் காயாது. அரை மணிக்கு ஒரு முறை காலால் சால் பிடித்துக் கிளறிவிட வேண்டும்.

அதிகம் பேர் ஏமாறுவது மாலையில். வெயிலில் மேல்தோல் காய்ந்திருக்கும், அரிசிக்குள் ஈரம் இருக்கும். சூட்டோடு மீட்டரில் போட்டுப் பார்த்து 17 என்று காட்டினால் நம்ப வேண்டாம். இரவில் உள் ஈரம் வெளியே வந்து, காலையில் அரை புள்ளி, சில நேரம் ஒரு புள்ளி கூடியிருக்கும். மாலையில் 16 வரும்வரை காயவிட்டு, மறுநாள் காலை ஆறிய நெல்லில் பாருங்கள். ஓரத்தில் அள்ளாமல், அம்பாரத்தின் (நெல் குவியலின்) நடுவிலும் அடியிலுமாக நாலைந்து இடத்தில் எடுத்துக் கலந்து பாருங்கள்.

சூடான அம்பாரத்தை உடனே படுதா போட்டு மூடினால் உள்ளே வேர்த்து மேல் நெல் நனைந்துவிடும். ஆறவிட்டு மூட வேண்டும். அடியில் வைக்கோல் பரப்பி அதன்மேல் படுதா, அதன்மேல் நெல். பச்சை நெல்லைச் சாக்கில் கட்டி ஒரு நாளுக்கு மேல் வைத்தால் சூடேறி மஞ்சளாகும். பழுதான, நிறம் மாறிய, முளைத்த, வண்டு துளைத்த நெல் எல்லாம் சேர்ந்தே 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. பதர் போன்ற தூசுக்கு 1 சதவீதம், அதாவது 40 கிலோ சிப்பத்தில் 400 கிராம்.

மன்னார்குடி, வியாபாரியிடமும் போடுகிறவர்

காயவைத்தால் எடை குறைகிறதே என்று நிறையப் பேர் வயலிலேயே வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 22 ஈரத்தில் 1,000 கிலோ இருந்தால் 17-க்கு இறங்கும்போது 940 கிலோ ஆகும். பொது ரக விலையில் 23,500 ரூபாய். வியாபாரி 62 கிலோ மூட்டை 1,300 என்று கேட்டால் குவிண்டாலுக்கு 2,097 ரூபாய். அதே 1,000 கிலோவுக்கு 20,970. வித்தியாசம் 2,530. காயவைக்கும் கூலியும் வண்டி வாடகையும் அதற்குள் அடங்கினால் நிலையத்துக்குப் போகலாம். மூட்டை விலையை மூட்டையோடு ஒப்பிடாதீர்கள், சிப்பம் 40, மூட்டை 62. இரண்டையும் குவிண்டாலுக்கு மாற்றித்தான் பார்க்க வேண்டும்.

மழைக்காலத்தில் இந்தக் கணக்கு மாறும். இரண்டு நாள் வெயில் நிச்சயமில்லை என்றால் முளைத்துப்போவதைவிட அந்த 2,530-ஐ விட்டுக்கொடுப்பதே மேல். சில ஆண்டுகளில் மழையைக் காரணம் காட்டி 17-க்கு மேலும் மத்திய அரசு தளர்வு கொடுத்திருக்கிறது. ஆனால் குழு வந்து மாதிரி எடுத்து ஆணை வருவதற்குள் அம்பாரத்தில் நெல் முளை விட்டுவிடும். அதை நம்பி அறுக்கக் கூடாது.

ஆரணி, ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் போகிறவர்

ஒரு திருத்தம். 17 என்பது நிலையத்தில் விற்பதற்கு மட்டும். விலை ஏறட்டும் என்று கிடங்கில் வைத்து, அந்த நெல்லையே ஈடாகக் காட்டிப் பொருளீட்டுக் கடன் வாங்குபவர்கள் 14-க்கு இறக்கியாக வேண்டும், இல்லையென்றால் பூசணம் பிடிக்கும். கொள்முதல் நிலையத்துக்குப் போடுகிறவர் 14 வரை காயவைத்தால் நட்டம்: மேலே சொன்ன 940 கிலோ 907 ஆகிவிடும். போன 33 கிலோவுக்கு 825 ரூபாய்.

நீடாமங்கலம் பக்கம், குறுவை விவசாயி

ஆமாம், அதை நானே எழுதியிருக்க வேண்டும். 16-க்கும் 17-க்கும் இடையில் நிறுத்துவதுதான் கணக்கு.

காகிதத்தையும் சொல்லிவிடுகிறேன். சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (சாகுபடிப் பதிவு), ஆதார், வங்கிப் புத்தகம். குத்தகைச் சாகுபடி என்றால் அடங்கலில் சாகுபடியாளராக யார் பெயர் இருக்கிறது என்று நடவு முடிந்ததுமே பாருங்கள். அறுப்பு நேரத்தில் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலையும் இரண்டு நாளில்தான் மழை வரும். ஆதாரில் உள்ள பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் பணம் நிற்கும்.

எடை போடும்போது சாக்கோடு 40 கிலோ 580 கிராம் வர வேண்டும். 580 கிராம் சாக்கின் எடை. அதற்கு மேல் எடை ஏறுகிறதா என்று ஒவ்வொரு சிப்பத்துக்கும் தராசைப் பாருங்கள். 60 சிப்பத்தில் சிப்பத்துக்கு அரை கிலோ கூடினால் 30 கிலோ, 750 ரூபாய்.

பாபநாசம் வட்டம், களத்து வேலை தெரிந்தவர்

இன்னும் ஒன்று: ஏ.எஸ்.டி. 16 போன்ற குண்டு நெல்லையும் கோ 51 போன்ற சன்ன நெல்லையும் ஒரே களத்தில் காயவைத்தால் நடுவில் படுதா மடித்துத் தடுப்பு வையுங்கள். சன்ன ரகத்தில் கீழ்ரகக் கலப்பு 6 சதவீதத்தைத் தாண்டினால் மொத்த அம்பாரமும் பொது ரகமாகப் பதிவாகும். குவிண்டாலுக்கு 45 ரூபாய் போகும்.