புதுப்பிப்பு: எஸ்ட்ரடயோல் சேர்த்தால் ஈஸ்ட் வளர்ச்சி குன்றிய சிக்கல் தீர்ந்தது

ஒரு மரபணுவை இயக்க எஸ்ட்ரடயோல் என்ற ஹார்மோனைச் சேர்த்ததும் எங்கள் ரொட்டி ஈஸ்ட்டின் வளர்ச்சி குன்றுவதைப் பற்றி இந்த இழையில் கேட்டிருந்தேன். விடையளித்த அனைவருக்கும் நன்றி.

அப்போது பயன்படுத்தியது, மரபணுக்களை இயக்கும் கால்4 என்ற புரதத்தின் டி.என்.ஏ. பற்றும் பகுதி, மனித ஈஸ்ட்ரோஜன் ஏற்பியின் ஹார்மோன் பற்றும் பகுதி, வி.பி.16 தூண்டு பகுதி ஆகிய மூன்றையும் இணைத்த செயற்கைப் புரதம்; ஹார்மோன் பற்றியதும் இது மரபணுவை இயக்கும். கால்4 ஈஸ்ட்டுக்கே சொந்தமானது என்பதால், அது நாங்கள் வைத்த பச்சை ஒளிர்புரத மரபணுவோடு நில்லாமல் காலக்டோஸ் சர்க்கரையைப் பயன்படுத்த உதவும் ஈஸ்ட்டின் சொந்த மரபணுக்களையும் எழுப்பிவிடுகிறது. ஆகவே அந்தப் பகுதிக்குப் பதிலாக எலியின் சிஃப்268 புரதத்தில் டி.என்.ஏ.வைப் பற்றும் துத்தநாக விரல் பகுதியை வைக்கச் சொன்ன நண்பரின் யோசனைதான் பலித்தது. முதல் முறை புரதத்தை மட்டும் மாற்றிவிட்டு, பழைய கால்1 புரமோட்டரை (மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. பகுதி) அப்படியே விட்டுவைத்தேன். ஒரு செல்கூட ஒளிரவில்லை (என் அவசரம்தான்). அதிலிருந்த கால்4 இணைவிடங்களை நீக்கி, சிஃப்268 அடையாளம் காணும் 9 எழுத்துத் தொடரை வைத்தபின், ஹார்மோன் இட்ட குடுவையும் எத்தனால் மட்டும் இட்ட ஒப்பீட்டுக் குடுவையும் ஒரே வேகத்தில் கலங்கின, அதாவது ஈஸ்ட் இரண்டிலும் ஒரே வேகத்தில் வளர்ந்தது.

எதிர்பாராதது ஒன்று: ஹார்மோனைக் கழுவி நீக்கிய பின்னரும் பச்சை ஒளி பல மணி நேரம் நீடித்தது. ஹார்மோன் இல்லாமலே மரபணு இயங்கும் கசிவு என்று எண்ணி இரண்டு நாள் வீணாக்கினேன். பச்சை ஒளிர்புரதம் எளிதில் சிதையாது, செல்கள் பிரியப் பிரியத்தான் அதன் அளவு குறையும். அணையும் வேகத்தை அளக்க விரும்புவோர், புரதத்தை விரைவில் சிதையச் செய்யும் சிதைவுக் குறி ஒட்டிய வடிவத்தைப் பயன்படுத்துவது நல்லது.