ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் மனநல ஆய்வு: எந்த வினாத்தாளைப் பயன்படுத்துவது?

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் மாணவி, சமுதாய நலப் பிரிவு

அனைவருக்கும் வணக்கம். ஆய்வேட்டுக்காக இரண்டு அரசுப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்புகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒரு பள்ளியில் 30 பேருக்கு மனநலம் பற்றிய கற்பித்தல் நிகழ்ச்சியை (45 நிமிட வகுப்பும் விளக்க அட்டையும்) நடத்தி, மற்றப் பள்ளியின் 30 பேரை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு, இரு தரப்பினருக்கும் முன்தேர்வும் ஏழாம் நாளில் பின்தேர்வும் வைப்பதாகத் திட்டம். அறிவை அளக்க நானே வினாக்கள் தயாரித்துள்ளேன். ஆனால் மாணவர்களின் நல்வாழ்வையும் சேர்த்து அளக்க வேண்டும் என்று வழிகாட்டி சொல்கிறார். எஸ்.டி.க்யூ. (பிள்ளைகளின் நடத்தை, உணர்ச்சிச் சிக்கல்களையும் பலங்களையும் அளப்பது), உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து வினாக் குறியீடு (நல்வாழ்வை அளப்பது), பி.எச்.க்யூ-9 (மனச்சோர்வு அறிகுறிகளை அளப்பது) ஆகிய மூன்றில் எது பொருந்தும்? நெறிமுறைக் குழுவுக்குத் தலைமையாசிரியரின் அனுமதிக் கடிதம் போதுமா?

பதில் 1: பொதுச் சுகாதார ஆய்வாளர்

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன், ஒவ்வொரு கருவியும் எந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கிறது என்று பாருங்கள். ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட எஸ்.டி.க்யூ.வில் 25 கூற்றுகள் உண்டு; 11 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் தாமே நிரப்பலாம்; தமிழ் வடிவமும் இருக்கிறது. ஆனால் அதன் வழக்கமான வடிவம் கடந்த ஆறு மாதங்களைப் பற்றிக் கேட்கிறது, தொடர் மதிப்பீட்டு வடிவமோ கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்கிறது. ஐந்து வினாக் குறியீடும் பி.எச்.க்யூ-9-உம் கடந்த இரண்டு வாரங்களைக் கேட்பவை. ஏழாம் நாளில் நீங்கள் பின்தேர்வு வைத்தால், மாணவர் விடையளிக்கும் காலத்தில் பாதி உங்கள் நிகழ்ச்சிக்கு முந்தையதாகவே இருக்கும். அப்படிக் கிடைக்கும் மாற்றத்தை, அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நிகழ்ச்சியின் விளைவு என்று சொல்ல முடியாது. முன்தேர்வு காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரத்திலும் பின்தேர்வு விடுமுறையை ஒட்டியும் அமைந்துவிட்டால், யாரும் எதையும் கற்பிக்காமலேயே எல்லோருடைய நல்வாழ்வு மதிப்பீடும் உயரக்கூடும்.

இரண்டாவது சிக்கல் 60 என்ற எண்ணில் இருக்கிறது. ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் ஒரே ஆசிரியர்களையும் ஒரே சூழலையும் பகிர்ந்துகொள்வதால், அவர்களின் விடைகள் ஓரளவு ஒத்துப்போகும். அந்த ஒப்புமையின் அளவு 0.05 என்று வைத்துக்கொண்டால்கூட, 30 பேர் கொண்ட வகுப்பில் வடிவமைப்பு விளைவு (மொத்த எண்ணிக்கையை எதனால் வகுத்து, உண்மையில் எத்தனை பேருக்குச் சமம் என்று கணிக்கிறோமோ அந்த எண்) 1 + 29 × 0.05, அதாவது 2.45 ஆகிறது, உங்கள் 60 பேர் ஏறத்தாழ 24 பேருக்குச் சமமாகிறார்கள். இரு தரப்பிலும் ஒவ்வொரு பள்ளிதான் என்பதால், காணும் வேறுபாடு நிகழ்ச்சியால் வந்ததா பள்ளியால் வந்ததா என்று எந்தப் புள்ளியியல் சோதனையாலும் பிரித்துச் சொல்ல இயலாது.

ஒப்பிட்டுப் பார்க்க, பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் நடந்த 'சேஹர்' ஆய்வைப் படியுங்கள். 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 74 பள்ளிகள், மூன்று தரப்புகள். வகுப்பறையில் நடத்தப்படும் அரசின் வாழ்க்கைத் திறன் பாடம் அங்கே ஒப்பீட்டுத் தரப்பில்தான் இருந்தது. அதற்கு மேல் பள்ளி முழுவதையும் தழுவிய ஒரு திட்டத்தை, ஒரு தரப்பில் ஆசிரியர்களும், மற்றொன்றில் பயிற்சி பெற்ற, மருத்துவத் துறை சாராத ஆலோசகர்களும் நடத்தினர். ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வு அறிகுறிகளும் சக மாணவரைச் சீண்டித் துன்புறுத்துவதும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க பயன் தென்படவில்லை. ஒரு கல்வியாண்டு நடந்த திட்டத்திலேயே நிலைமை இது என்றால், 45 நிமிட வகுப்பும் விளக்க அட்டையும் நல்வாழ்வை மாற்றும் என்று கருதுகோள் எழுதுவதற்கு அடிப்படை எதுவும் எனக்குத் தெரியவில்லை. நம் கல்லூரிகளின் அலமாரிகளை நிறைத்திருக்கும் கற்பித்தல் நிகழ்ச்சி ஆய்வேடுகள் பெரும்பாலும் அறிவு மதிப்பெண் கூடியதோடு நின்றுவிடுவதைப் பார்த்து அலுத்தவன் என்பதால், சற்றுக் கடுமையாக எழுதுகிறேன்.

பதில் 2: சமுதாய நலச் செவிலியர்

தலைமையாசிரியரின் கடிதம் பள்ளிக்குள் நுழைவதற்கான அனுமதி மட்டுமே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அதோடு, 12 முதல் 18 வயதுள்ள மாணவரின் இசைவையும் எழுத்தில் பெற வேண்டும். மாணவர் மறுத்தால் பெற்றோர் கையெழுத்திட்டிருந்தாலும் அவரைச் சேர்க்கக் கூடாது. வகுப்பாசிரியர் அறையில் நின்றுகொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளை மறுக்கும்? ஆகவே ஆசிரியர் வெளியே இருக்கும்படி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

மேலே பேசப்படாத ஒன்றையும் சொல்ல வேண்டும். பி.எச்.க்யூ-9-இன் ஒன்பதாம் வினா, இறந்துபோனால் நல்லது என்ற எண்ணமோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணமோ எவ்வளவு அடிக்கடி வந்தது என்று கேட்கிறது. அந்த எண்ணம் வந்ததாக ஒரு மாணவி குறித்த தாளை, நீங்கள் விடுதிக்கு எடுத்துச் சென்று இரண்டு வாரம் கழித்துக் கணினியில் பதிவு செய்யும்போதுதான் பார்ப்பீர்கள் என்றால், அந்தக் கருவியைத் தொடவே வேண்டாம். பள்ளியை விட்டு வெளியேறும் முன் ஒவ்வொரு தாளையும் பார்த்துவிட வேண்டும். அன்றே அந்த மாணவியைத் தனியாகச் சந்தித்துப் பேச ஆள் வேண்டும். மாவட்ட மனநலத் திட்டக் குழுவுக்கு அனுப்பும் வழியை முன்பே பேசி, எழுத்தில் வைத்திருக்க வேண்டும். டெலி-மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றை எல்லா மாணவர்களுக்கும் கொடுங்கள். எண்ணைக் கொடுத்தாலே கடமை தீர்ந்துவிட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

ஒப்புதல் படிவத்தில் 'நீங்கள் கூறும் அனைத்தும் ரகசியமாகக் காக்கப்படும்' என்று எழுதும் வழக்கம் உண்டு. பாலியல் வன்முறை பற்றி ஒரு குழந்தை சொன்னால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி நீங்கள் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆகவே அந்த வாக்குறுதியின் எல்லையைப் பிள்ளைகளுக்குப் புரியும் சொற்களில், விடையளிக்கத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. தரவு சேகரிக்க எனக்குக் கிடைப்பது ஆறு வாரங்கள்தான். பல பள்ளிகளைச் சேர்க்க இயலாது. தலைப்பையே மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில் 3: நர்சிங் கல்லூரி ஆசிரியர்

மாற்றுவதே நல்லது, ஆனால் வருத்தப்பட வேண்டியதில்லை. கற்பித்தல் நிகழ்ச்சியை விட்டுவிட்டு, எதையும் மாற்ற முயலாமல் உள்ளதை உள்ளபடி பதிவு செய்யும் விளக்க ஆய்வாகச் செய்யுங்கள். அந்த இரண்டு பள்ளிகளில் எஸ்.டி.க்யூ.வை ஒருமுறை மட்டும் நிரப்பச் செய்து, கூடவே பத்துப் பன்னிரண்டு மாணவரிடம் தனித்தனியாக நேர்காணல் எடுங்கள். மனம் சரியில்லாதபோது யாரிடம் போகிறார்கள், பள்ளியில் யாரிடம் போகவே மாட்டார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே பதிவு செய்தால், ஆறு வாரத்துக்கு அது போதுமான வேலை. முதல் பதிலில் உள்ள கடுமையை நான் முழுவதும் ஏற்கவில்லை. அறிவை அளப்பதும், அதை அறிவு என்றே பெயரிட்டால், தவறான ஆய்வல்ல. ஆய்வு முன்மொழிவைத் திருத்தினால், நெறிமுறைக் குழுவிடம் மீண்டும் ஒப்புதல் பெற வேண்டும் என்பதால், குழு அடுத்து எப்போது கூடுகிறது என்று இன்றே விசாரித்துவிடுங்கள்.