மீந்த உல்லன் நூல்: எந்த அளவுக்கு என்ன குரோஷே போடலாம்?

மீதி நூலை எல்லோரும் முதலில் நிறம் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. முதலில் தடிமன், அடுத்து நூலின் வகை, அதன் பிறகு எடை. இந்த மூன்றும் ஒத்துப் போனால் எந்த நிறத்தையும் எந்த நிறத்தோடும் சேர்த்துவிடலாம்.

லேபிள் தொலைந்த நூல் எந்த வகை என்று தெரிய எரித்துத்தான் பார்க்க வேண்டும். எவர்சில்வர் தட்டுக்கு மேலே 5 செ.மீ. துண்டை இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கட்டும். காட்டன் காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். அசல் கம்பளியில் முடி கருகும் வாடை வரும்; நெருப்பை விலக்கினால் தானே அணையும், கரி விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும். ஆறிய பிறகு நசுக்க முடியாத கறுப்பு மணியாக நிற்கும். நம் ஊர்க் கடைகளில் உல்லன் என்று கேட்டு வாங்கியது பெரும்பாலும் இந்த அக்ரிலிக்தான்.

வகை கலந்து சதுரங்கள் போட்டுப் போர்வையாக இணைத்தால், போடும்போது எதுவும் தெரியாது, முதல் துவையலில்தான் தெரியும். காட்டன் சதுரம் தண்ணீர் குடித்துக் கனத்துத் தொங்கும். கம்பளி வெந்நீர் பட்டால் சுருங்கி இறுகும். அக்ரிலிக் இருந்தபடியே இருக்கும். மூன்றையும் இணைத்த போர்வை இணைப்புக்கு இணைப்பு சுருக்கம் விழுந்து கிடக்கும், அதைச் சரிசெய்ய வழியில்லை.

* * *

வகை பிரித்தாயிற்று என்றால் சமையலறை டிஜிட்டல் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். டி.கே. (டபுள் நிட்டிங்) என்ற சற்று மெல்லிய தடிமன் அக்ரிலிக் 100 கிராமில் ஏறக்குறைய 290 மீட்டர் வரும். அப்படியானால் 1 கிராம் என்பது கிட்டத்தட்ட 3 மீட்டர்.

4 மி.மீ. குரோஷே ஊசியில் (கொக்கி ஊசி) 4 சுற்று கிரானி ஸ்கொயர், அதாவது நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக வளரும் சதுரம், 10 செ.மீ. பக்கம் வரும், 4 கிராமுக்குள் பிடிக்கும். முதல் சுற்றுக்கு வாலோடு (தொடக்கத்திலும் முடிவிலும் விடும் நுனி நூல்) சேர்த்து ஒன்றேகால் மீட்டர், இரண்டாவதுக்கு 2 மீட்டர், மூன்றாவதுக்கு 3 மீட்டருக்குள், நான்காவதுக்கு மூன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கை இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் ஒரு சதுரம் போட்டு, பிரித்து, சுற்றுச் சுற்றாக டேப்பில் அளந்து உங்கள் கணக்கை எழுதி வைப்பது நல்லது. சுற்றின் பாதியில் நூல் தீர்ந்தால் வரும் எரிச்சல் போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

இதில் பலர் கணக்குப் போடத் தவறுவது கடைசிச் சுற்று. வெவ்வேறு நிறத் துண்டுகளை ஒரே குடும்பமாகக் காட்டுவது அந்தச் சுற்றுதான். எல்லாச் சதுரத்துக்கும் ஒரே நிறம் வேண்டும். 4 சுற்றுச் சதுரத்தில் மொத்தம் 120 டபுள் குரோஷே (ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிப் போடும் உயரமான தையல்), அதில் 48 கடைசிச் சுற்றில் இருக்கின்றன. சதுரங்களை இணைக்கும் நூலையும் சேர்த்தால் போர்வையின் நூலில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. 100 சதுரத்துக்கு, அதாவது ஒரு மீட்டர்க்கு ஒரு மீட்டர் போர்வைக்கு, இந்த ஒரு நிறம் மட்டும் 200 கிராம் வரை தேவைப்படும். 250 கிராமாக, லேபிளில் ஒரே சாய எண் (ஒன்றாகச் சாயம் ஏற்றிய நூலுக்குப் போடும் எண்) பார்த்து, ஒரே நாளில் வாங்குங்கள். சாய எண் மாறினால் கடை விளக்கில் தெரியாத வித்தியாசம் வெயிலில் விரித்ததும் தெரியும். இளமஞ்சள் வெள்ளை, சாம்பல், கறுப்பு மூன்றில் ஒன்று எதோடும் நிற்கும். என் தேர்வு சாம்பல். கறுப்பில் ராத்திரி விளக்கில் லூப் தேடிக் கண் நோகும்.

* * *

வால்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுற்றுக்கு ஒரு நிறம் என்றால் சதுரத்துக்கு 8 வால், 100 சதுரத்துக்கு 800. ஒவ்வொரு சதுரமும் முடிந்த கையோடு ஒளித்துவிடுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்த போர்வைதான் வருடக்கணக்கில் பையிலேயே கிடக்கும். 15 செ.மீ. வால் விட்டு, மொண்ணை ஊசியில் 4 செ.மீ. ஒரு பக்கம், ஒரு இழை தாண்டித் திரும்பி 4 செ.மீ., மறுபடி 4 செ.மீ. என்று நுழைக்க வேண்டும். ஒரே திசையில் நுழைத்தது துவைத்தால் நழுவி வெளியே வரும். வாலைச் சேர்த்துப் பிடித்து அதன் மேலேயே போடுவதானால் மூன்று டபுள் குரோஷேவோடு நிறுத்துங்கள்; அதைத் தாண்டினால் இடைவெளியில் வேறு நிறம் எட்டிப் பார்க்கும். புது நிறத்தை முந்தைய சுற்று முடிந்த மூலையில் தொடங்காமல் அடுத்த மூலையில் தொடங்கினால் முடிச்சு ஒரே இடத்தில் திரளாது.

துண்டுகளை முன்கூட்டியே இணைத்து உருண்டையாகச் சுற்றிக்கொள்ள மேஜிக் நாட் (ஒவ்வொரு நுனியையும் மற்ற நூலின் மேல் முடிந்து, இரண்டு முடிச்சையும் இழுத்துச் சேர்ப்பது) கரடுமுரடான அக்ரிலிக்கில் நன்றாகப் பிடிக்கும். பளபளக்கும் மெர்சரைஸ் காட்டனிலும் நைலான் கலந்ததிலும் வழுக்கும். முடிச்சை இழுத்துப் பார்த்த பிறகே மீந்த நுனியை வெட்டுங்கள். தண்ணீர் தொட்டு உள்ளங்கையில் தேய்த்து ஒட்டுவது அசல் கம்பளிக்கு மட்டும்தான். அதிலும் மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் போட்ட நூல் ஒட்டாது.

* * *

வாலே ஒளிக்க வேண்டாம் என்றால் நீளவாக்கில் போடும் ஸ்கார்ஃப் இருக்கிறதே! 260 செயின் (சங்கிலிக் கண்ணி), டி.கே. நூல், நாலரை மி.மீ. ஊசி. நீளம் 150 செ.மீ. வரும். அடிச் செயினை மட்டும் 5 மி.மீ. ஊசியில் போடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் இழுத்து ஸ்கார்ஃப் வில் மாதிரி வளையும். வரிக்கு ஒரு நிறம்: ஒரு சிங்கிள் குரோஷே (குட்டையான தையல்), ஒரு செயின், ஒரு தையல் விட்டு மறுபடி சிங்கிள். அடுத்த வரியில் கீழ்வரியின் செயின் இடைவெளிக்குள் குத்த வேண்டும். வரியின் இரண்டு முனையிலும் 15 செ.மீ. விட்டு வெட்டினால் அதுவே குஞ்சம். ஒரு வரிக்கு 8 மீட்டர், அதாவது 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 32 வரியில் 18 செ.மீ. அகலம் கிடைக்கும். வரிக்கு வரி திருப்பிப் போடுங்கள்; ஒரே பக்கத்திலிருந்து போட்டால் தையல் சாய்ந்து துணி கோணிக்கொள்ளும்.

* * *

ஒன்றரை மீட்டர்த் துண்டையும் எறிய வேண்டாம். அது சாமி பட மாலைக்கு ஒரு பூ. 4 செயின் போட்டு வளையமாக்கி, வளையத்துக்குள் 2 செயின், 2 டபுள் குரோஷே, 2 செயின், ஒரு ஸ்லிப் ஸ்டிச் (உயரம் இல்லாமல் இழுத்துச் சேர்க்கும் தையல்). இப்படி ஐந்து தடவை போட்டால் ஐந்து இதழ். ஒரு மீட்டர் மாலைக்கு 4 செ.மீ. இடைவெளியில் 25 பூ. பூவின் இரண்டு வாலையும் கயிற்றில் இரட்டை முடிச்சாகக் கட்டிவிட்டால் ஊசி வேலையே இல்லை. கயிற்றுக்கு வெறும் செயின் போதாது, பூக்களின் கனத்தில் நாளடைவில் நீளும். செயின் போட்டு முடித்துத் திரும்பி வரும்போது ஒவ்வொன்றிலும் ஸ்லிப் ஸ்டிச் போடுங்கள். படத்துக்குக் கீழே விளக்கு ஏற்றும் வீடானால் அக்ரிலிக் மாலை வேண்டாம்.

சூடான பாத்திரம் இறக்கும் விரிப்புக்கும் இதே எச்சரிக்கை. அக்ரிலிக் அடியில் உருகி ஒட்டிக்கொள்ளும். காட்டன் மீதியை மட்டும் எடுத்து இரண்டு அடுக்காகப் போடுங்கள். சிவப்பு, கருநீலக் காட்டனை முதலில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிடுங்கள். சாயம் விட்டால் வெளிர் நிறத்தோடு சேர்க்காதீர்கள்.

வெட்டி மீந்த நுனிகளைப் பொம்மைக்குள் அடைப்பதானால் பழைய நைலான் காலுறைக்குள் போட்டு முடிந்து அடையுங்கள். அப்படியே திணித்தால் துவைத்ததும் கட்டி கட்டியாகும், தையல் சந்தில் கருநிற நூல் தலை நீட்டும். அசல் கம்பளி நுனிகளை மட்டும் தனியாக எடுத்து வைத்தால் குண்டூசி குத்தும் மெத்தைக்கு அதைவிட நல்ல திணிப்பு கிடையாது.