பொருள்: சிரோசிஸுக்கு ஒரு தமிழ்ச் சொல், வெள்ளிக்கிழமை அச்சுக்கு

கிளிநொச்சி:
வணக்கம். மதுசாரமும் ஈரலும் பற்றிய நான்கு பக்கத் துண்டுப்பிரசுரம் வெள்ளி காலை அச்சுக்குப் போகவேணும். நோயின் முதல் இரண்டு கட்டத்துக்கும் சொல்லில் சிக்கலில்லை. கொழுப்புப் படிந்தால் கொழுப்பீரல், அது வீங்கிக் கலங்கள் சாகத் தொடங்கினால் ஈரலழற்சி. மூன்றாவதில் நிற்கிறேன். சனம் "ஈரல் கருகிப்போச்சு" என்கிறது. கருக அங்கே நெருப்பில்லையே. சிரோசிஸுக்கு என்ன போடலாம்?

துணுக்காய்:
வயிரிப்பு. வயிர் என்றால் ஊதுகொம்பு. கொம்பின் கடினமே வயிரம். மெத்தென்றிருந்தது உள்ளுக்குள் இறுகுவதை ஒரே சொல் காட்டிவிடும். 1860களில் மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். நாங்கள் ஏன் தயங்கவேணும்?

முள்ளியவளை:
ஐயா, வயிரம் வச்சிரத்தின் வழி வந்தது என்பாரும் உண்டு, அதை விடுவம். இந்தப் பக்கத்தில் வயிரம் பாய்ந்தது என்றால் பாலை மரமும் முதிரை மரமும். தச்சன் தட்டிப் பார்த்து மெச்சுகிற சாமான். "உங்கட ஈரல் வயிரிச்சிட்டுது" என்றால் ஆள் சந்தோசமாய் வீட்டை போவார்.

வவுனியா, மருத்துவர்:
மூலச்சொல்லைத் துருவிப் பயனில்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த லெனெக் 1819இல் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் அது, கிரேக்கத்தில் மஞ்சட்கபிலம். நோயைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

நடப்பதைப் பாருங்கள். மதுசாரம் ஈரலில் அசற்றல்டிகைட்டு என்ற நஞ்சாக மாறிக் கலங்களைக் கொல்கிறது. செத்த இடத்தில் கொலாஜன் நார் தழும்பாக விழுகிறது. நாருக்கு நடுவே மிஞ்சிய கலங்கள் உருண்டை உருண்டையாக முளைக்கின்றன. ஈரல் சுருங்கிக் கரடாகும். குடலிலிருந்து வரும் இரத்தத்துக்கு உள்ளே வழியில்லை, அமுக்கம் ஏறும், களத்தின் நாளங்கள் புடைக்கும். வெடித்தால் இரத்த வாந்தி. வயிற்றில் நீர் கட்டும். ஈரல் அகற்றாமல் விட்ட அமோனியா மூளைக்குப் போய் ஆள் தடுமாறுவார். ஆகவே தழும்பு சொல்லில் இருக்கவேணும். குடி இருக்கக்கூடாது, ஏனென்றால் ஹெப்பற்றைற்றிஸ் பி, சி வைரசுகள், நீரிழிவோடு வரும் கொழுப்பு எல்லாமே இங்கேதான் கொண்டுவந்து விடும். என் பரிந்துரை தழும்பீரல்.

பூநகரி, ஆசிரியை:
"களம்" பாடப்புத்தகத்தில் சரி, டொக்டர். இங்கே களம் என்றால் சூடடிக்கிற இடம். உணவுக்குழாய் என்று போடுங்கோ.

மற்றது, நோயாளி கிளினிக் கொப்பியோடு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே சிரோசிஸ் என்றுதான் கேட்பார்கள். தமிழ்ச் சொல் தெரிந்து நோயின் பெயர் தெரியாமல் நிற்கிறதோ? அப்படியே சிரோசிஸ் என்று விடுங்கோ.

துணுக்காய்:
அப்படியானால் நுரையீரலும் வேண்டாம், சுவாசப்பையும் வேண்டாம், லங்ஸ் என்றே எழுதுவோம். தழும்பீரல் புணர்ச்சியில் சரி, தழும்பு குற்றியலுகரம், கொழுப்பீரலோடு சோடியும் சேரும். ஆனால் இது உறுப்பின் பெயர், நோயின் பெயரல்ல. கல்லீரல் என்று சொல்லிவந்த முன்னோர் நல்ல ஈரலையே கல் என்றார்கள், மண்ணீரலுக்கு எதிராக. அப்படியிருக்க "கல்லாகிவிட்டது" என்பதற்கு என்ன பொருள் என்று யோசிக்கிறேன்...

முள்ளியவளை:
யோசியுங்கோ ஐயா, அச்சு வெள்ளிக்கிழமை. வயிற்று நீருக்கு மகோதரம் போடட்டோ? மஞ்சளுக்குச் செங்கண்மாரியோ, மஞ்சட்காமாலையோ?

பூநகரி, ஆசிரியை:
மகோதரம் என்றால் இளசுகளுக்கு விளங்காது. "வயிற்றில் நீர்" போதும். செங்கண்மாரி எல்லாருக்கும் தெரியும். தெரிவதுதான் சிக்கலும். கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். "குடிப்பவருக்குச் செங்கண்மாரி வந்தால் அன்றே ஆஸ்பத்திரி" என்று பெட்டி கட்டிப் போடுங்கோ.

அளவும் வேணும். 33.5 வீதச் சாராயம் கால் போத்தல், 180 மில்லிலீற்றர், ஏறக்குறைய 48 கிராம் மதுசாரம். 5 வீதக் கள்ளு 750 மில்லிலீற்றர் என்றால் 30 கிராம். கள்ளுக் குளிர்ச்சி, ஒன்றும் செய்யாது என்கிறவர்களுக்கு இந்த இரண்டு வரியும் காணும்.

வவுனியா, மருத்துவர்:
மணிக்கு 7 கிராம் அளவில்தான் ஈரல் எரிக்கும். கால் போத்தலுக்கு ஏழு மணித்தியாலம்.

சொல்லைவிட அவசரமானது இது. தினமும் நிறையக் குடிப்பவர் பிரசுரத்தை வாசித்துவிட்டு வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினால், முதல் நாளே கை நடுங்கும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாளளவில் சித்தம் பேதலிக்கலாம். உயிரே போகும். டொக்டரிடம் காட்டித்தான் விடவேணும், தயமின் (விற்றமின் பி1) கொடுக்கவேணும். கொழுப்பீரல் மட்டும் என்றால் குடியை விட்டுச் சில கிழமைகளில் தெளியும். தழும்பு பெரும்பாலும் போகாது, ஆனால் விட்டவருக்கு ஆயுள் நீளும். இரண்டையும் ஒரே பந்தியில் போடவேண்டாம், "இனி விட்டென்ன" என்பார்கள்.

கிளிநொச்சி:
"சிரோசிஸ் எனப்படும் தழும்பீரல்" என்று போகிறேன். மூன்று பேருக்குச் சம்மதம், ரீச்சருக்கு அரைச் சம்மதம். கை நடுக்கப் பந்தி முதற் பக்கத்துக்கு ஏறிவிட்டது.

துணுக்காய்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். தழும்பு தோலில் தெரிவது. உள்ளே கிடப்பது வடு. வடுவீரல்.

முள்ளியவளை:
அச்சுக்கோப்பவர் ஒரு சுழியை விட்டால் வடுவிரல் ஆகிவிடும் ஐயா.

துணுக்காய்:
மெய்ப்பு நான் பார்க்கிறேன்.