'சரவுண்ட்' தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

கோவை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய ஸ்டீரியோ ஸ்பீக்கர் பழுதுபார்ப்பதற்கு மாணவர்களுக்கான செய்முறைக் கையேடு எழுதுகிறேன். கோனுக்குக் கூம்பு, காயிலுக்குச் சுருள் என்று ஒப்பேற்றிவிட்டேன். கூம்பின் ஓரத்தையும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டமான கூடையையும் இணைக்கும் மெத்தென்ற வளையம் இருக்கிறதே, சரவுண்ட், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். 1970, 80களின் ஸ்பீக்கர்கள் பலவற்றில் இது பாலியூரித்தேன் நுரை. ஈரக்காற்றும் வெளிச்சமும் பட்டு 15, 20 ஆண்டில் மட்கிவிடும். விரல் வைத்தால் பிசுபிசுவென்று கரும்பொடியாக ஒட்டும். கூம்பும் சுருளும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், வளையத்தை மட்டும் மாற்றினால் போதும். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

திருச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, 'சூழ்வளையம்' என்று வையுங்கள். முடிந்தது.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, முடியவில்லை. சரவுண்ட் சவுண்டைச் சூழொலி என்கிறோம். மாணவன் இதை ஹோம் தியேட்டர் சமாச்சாரம் என்று நினைப்பான். 'சுற்று' என்றால் மின்சுற்று. என் வாக்கு நெகிழ்வளையத்துக்கு. அதன் வேலையே அதுதானே: கூம்பு முன்னும் பின்னும் போய்வர இடம் கொடுக்க வேண்டும், பக்கவாட்டில் ஆட விடக் கூடாது.

திருச்சி:

தம்பி, நெகிழ்வளையம் வினைத்தொகை. முக்காலமும் அதில் அடக்கம். நெகிழ்ந்த வளையம் என்றும் விரியும், நெகிழும் வளையம் என்றும் விரியும். மட்கிப்போனதற்கும் இன்று ஒட்டியதற்கும் ஒரே பெயரா? அதோடு, வளை நெகிழ்ந்தது என்றாலே தலைவனைப் பிரிந்த தலைவிதான் கண்முன் வருவாள். 'தொடியொடு தோள்நெகிழ' என்று குறளே இருக்கிறது (1236).

மதுரையிலிருந்து:

அந்தக் குறளில் நெகிழ்வது தோள், ஐயா. பொன் எப்படி நெகிழும்? தோள் மெலிந்ததால் தொடி கழல்கிறது. அது போகட்டும், 'நெகிழி' பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டதால் நெகிழ்வளையத்தைப் பிளாஸ்டிக் வளையம் என்றுதான் படிப்பார்கள். 'ஞெகிழி'க்குப் பழந்தமிழில் சிலம்பு என்றும் கொள்ளிக்கட்டை என்றும் பொருள் உண்டு. இந்த வேர் பற்றித் தனியே விரிவாக எழுதுகிறேன்.

இதற்கு என் பரிந்துரை: ஊர்கோள். நிலவைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டம், வடமொழியில் பரிவேடம். கூம்பு நிலா என்றால் அதைச் சுற்றி ஊர்கோள். அழகாக இல்லையா?

சென்னை:

அழகுதான். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் போய் 'எட்டு இஞ்ச் ஊர்கோள் ரெண்டு கொடுங்க' என்று கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ரீச்சர், ஒன்று கவனிக்க வேணும். எல்லாம் நுரை இல்லை. றப்பர் உண்டு, அதற்கு ஆயுள் கூட. மடிப்பு மடிப்பாய் இருக்கிற துணியும் உண்டு. அமெரிக்க ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் எட்கர் வில்ச்சர் 1954இல் கொண்டுவந்த வகை மூடிய பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்றுத்தான் வில்லாக வேலை செய்யும். அங்கே இந்த வளையம் நெகிழ்ந்தால் மட்டும் போதாது, காற்றையும் விடக் கூடாது. ஆகவே பொருளை வைத்தும் பெயரிட ஏலாது, நெகிழ்ச்சியை வைத்தும் ஏலாது. சுருளுக்குக் கிட்ட மஞ்சள் துணியில் ஸ்பைடர் என்ற மடிப்பு வட்டு இருக்கிறது. அதுவும் இதுவும் சேர்ந்துதான் கூம்பைப் பிடித்து வைத்திருக்கின்றன. அது உள்தாங்கி, இது வெளித்தாங்கி. இரண்டையும் சேர்த்துச் சஸ்பென்ஷன் என்பார்கள். கணினியிடம் மொழிபெயர்க்கக் கொடுத்தேன், 'பணியிடை நீக்கம்' என்றது.

மதுரை:

தாங்கி என்றால் பேரிங். மெக்கானிக்கல் பையன்கள் சண்டைக்கு வருவார்கள்.

கோவை ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. சொல்லைத் தனியே பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் தெரிகிறது. 'விளிம்பு வளையம்' என்று வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

"கூம்பின் நடுவிலுள்ள தூசிமூடியை வெட்டி எடு. சுருளுக்கும் அதனுள்ளே இருக்கும் காந்தத்தின் மையத்தண்டுக்கும் நடுவே ஒரே தடிமனுள்ள பிளாஸ்டிக் தாள் பட்டைகளைச் சுற்றிலும் செருகு. பழைய பசையைச் சுரண்டி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடை. புதிய விளிம்பு வளையத்தை முதலில் கூம்பில் ஒட்டிக் காயவிடு; அப்புறம் கூடையில் ஒட்டு. காய்ந்தபின் பட்டைகளை உருவிவிட்டு, இரு கை விரல்களாலும் கூம்பைச் சமமாக அழுத்திப் பார். கரகரவென்று உரசினால் சுருள் நடுவில் இல்லை."

'ஊர்கோளைக் கூம்பில் ஒட்டு' என்றும் எழுதிப் பார்த்தேன், மன்னிக்கவும்.

திருச்சி:

விளிம்பு வளையம். வகரம் வல்லினம் இல்லை, ஒற்றுச் சண்டைக்கு இடமில்லை. அந்த ஒரு நிம்மதிக்காகவே ஒப்புக்கொள்கிறேன்.

சென்னை:

எனக்கும் சம்மதம், அரை மனதோடு. அடைப்புக்குறிக்குள் 'சரவுண்ட்' என்று போட்டுவிடுங்கள். கடையில் 'ஃபோம் ரிங்' என்றுதான் கேட்கப் போகிறார்கள்.

யாழ்ப்பாணம்:

எனக்குச் சம்மதமில்லை. எதனுடைய விளிம்பு? கூம்புக்கும் விளிம்பு உண்டு, கூடைக்கும் உண்டு. கூடை விளிம்பின்மேல் அட்டையில் ஒரு வளையம் ஒட்டியிருப்பார்களே, கேஸ்கட், பையன் அதைப் பிய்த்துப்போட்டால் யார் பொறுப்பு? வெளித்தாங்கியைக் கலைச்சொல் பட்டியலிலாவது சேருங்கள், ரீச்சர்.

கோவை ஆசிரியை:

பட்டியலில் இரண்டையும் போடுகிறேன். பாடத்தில் விளிம்பு வளையம். அட்டை வளையத்துக்குப் படத்திலேயே அம்புக்குறி போட்டுவிடுகிறேன்.

திருச்சி:

நல்லது. இப்போதுதான் கவனித்தேன், கையேட்டின் தலைப்பில் 'ஒலிபெருக்கி' என்று போட்டிருக்கிறீர்கள். ஒலியைப் பெருக்குவது ஆம்ப்ளிஃபயர் அல்லவா?

கோவை ஆசிரியை:

ஐயா, அட்டை அச்சாகிவிட்டது.