கேம்ஷாஃப்ட் மாற்றும்போது பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும்?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். ஒற்றைச் சிலிண்டரும் இரண்டு வால்வுகளும் கொண்ட ஏர்கூல்டு மோட்டார்சைக்கிள் எஞ்சினில், லிஃப்டும் (வால்வு திறக்கும் உயரம்) டியூரேஷனும் (கிராங்கின் சுழற்சியில் அது திறந்திருக்கும் அளவு) கூடுதலான ஒரு கேம்ஷாஃப்டை, அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டை, பொருத்தி வருகிறேன். பழைய கேமைவிட இதன் லிஃப்ட் 1.2 மி.மீ. அதிகம். பிஸ்டன் தலையிலுள்ள வால்வுக் குழிகளில் மாடலிங் களிமண்ணைப் பரப்பி, அதன்மேல் சிறிது எண்ணெய் தடவி, முன்பே அமுங்கிய பழைய கேஸ்கெட்டுடன் ஹெட்டை உரிய டார்க்கில் இறுக்கினேன். கேம் செயினை இறுக்கும் டென்ஷனரையும் பொருத்தி, டாப்பெட் கிளியரன்ஸையும் சரிசெய்த பிறகு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். களிமண்ணை பிளேடால் அறுத்து அளந்தபோது, மிக மெல்லிய இடத்தில் இன்டேக் பக்கம் 1.6 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 1.4 மி.மீ. இருந்தது. இது போதுமா? கம்ப்ரஷனைக் கூட்டுவதற்காக ஹெட்டை 0.3 மி.மீ. சீவும் எண்ணமும் இருக்கிறது. லிஃப்ட் 1.2 மி.மீ. கூடியிருப்பதால் குழிகளையும் அதே அளவு ஆழப்படுத்தியாக வேண்டும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அது சரிதானா?

முதல் பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பலரும் தடுமாறுவது அந்த இடத்தில்தான். வால்வு முழு லிஃப்டை எட்டும்போது பிஸ்டன் அதன் அருகிலேயே இருப்பதில்லை. இன்டேக் வால்வு முழுமையாகத் திறப்பது டி.டி.சி.யை (பிஸ்டன் ஏறும் உச்சநிலையை) கடந்து ஏறத்தாழ 100 முதல் 110 டிகிரிக்குள்; அப்போது பிஸ்டன் பாதித் தூரத்துக்கும் கீழே இறங்கியிருக்கும். இரண்டும் நெருங்குவது ஓவர்லேப் நேரத்தில், அதாவது எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிக்காமலும் இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கியும் இருக்கும் அந்த டி.டி.சி.யை ஒட்டித்தான். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது டி.டி.சி.யில் ஒவ்வொரு வால்வும் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை. லிஃப்ட் மாறாமல் டியூரேஷன் மட்டும் கூடினாலும் இடைவெளி குறைந்துவிடும்.

உங்கள் அளவுகளில் இன்டேக் பக்கம் எனக்குக் கவலையில்லை. எக்ஸாஸ்ட் பக்கம் போதாது என்றே கருதுகிறேன். கேம் தயாரிப்பாளர் தரும் அளவே இறுதியானது. அது கிடைக்காதபோது இன்டேக்குக்கு 1.5 மி.மீ., எக்ஸாஸ்டுக்கு 2 மி.மீ. என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. எக்ஸாஸ்டுக்குக் கூடுதலாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. மூடிக்கொண்டிருக்கும் எக்ஸாஸ்ட் வால்வைப் பிஸ்டன் கீழிருந்து துரத்திக்கொண்டு வருகிறது, உயர் ஆர்.பி.எம்.மில் ஸ்பிரிங் தளர்ந்து வால்வு ஒரு கணம் தாமதித்தாலும் பிஸ்டன் அதன் மேல் மோதிவிடும். அந்த வால்வு வெப்பத்தில் நீள்வதும், வேகத்தில் கனெக்டிங் ராடு சற்று நீண்டு பிஸ்டனை மேலே தள்ளுவதும் இதனுடன் சேர்கின்றன.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. ஒன்று மட்டும் விளங்கவில்லை. எக்ஸாஸ்ட் குழியில் களிமண் நடுவில் தடிமனாகவும், சுவரை ஒட்டிய ஓரத்தில் மெல்லியதாகவும் இருக்கிறது. நான் எழுதிய 1.4 மி.மீ. அந்த ஓரத்தில் எடுத்த அளவு.

இரண்டாம் பதில்:

அந்த ஓரத்தை அலட்சியம் செய்யாதீர்கள். வால்வின் விளிம்புக்கும் குழியின் சுவருக்கும் இடையே பக்கவாட்டில் குறைந்தது 1 மி.மீ. வேண்டும்; பெரிய வால்வு போட்ட எஞ்சின்களில் ஆழம் போதுமானதாக இருந்தும் இந்தச் சுவரில் உரசுவது உண்டு. களிமண்ணில் வால்வு பதிந்த வட்டத்தைப் பார்த்தால் அது குழியின் மையத்தில் விழுந்திருக்கிறதா, ஒதுங்கியிருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

களிமண் சோதனையோடு நிறுத்திவிடாமல் டயல் கேஜாலும் ஒருமுறை சரிபார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வழக்கமான ஸ்பிரிங்கைக் கழற்றி மெல்லிய ஸ்பிரிங்கைப் போட்டு, கிராங்கின் கோணத்தைக் காட்டும் டிகிரி வீலைப் பொருத்தி, டி.டி.சி.க்கு இருபுறமும் 20 டிகிரி வரை இரண்டிரண்டு டிகிரியாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் வால்வைக் கையால் பிஸ்டனைத் தொடும் வரை அழுத்தி அளவெடுங்கள். எக்ஸாஸ்ட் பெரும்பாலும் டி.டி.சி.க்குச் சுமார் 10 டிகிரி முன்பும், இன்டேக் சுமார் 10 டிகிரி பின்பும் மிக நெருங்கும்.

மூன்றாம் பதில்:

ஹெட்டைச் சீவுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இந்த நிலையில் அதைச் செய்யவே வேண்டாம். எக்ஸாஸ்ட் பக்கம் அது இரண்டு வழிகளில் பாதிக்கும். வால்வு 30 டிகிரி சாய்ந்திருந்தால், 0.3 மி.மீ. சீவும்போது நேரடியாக 0.26 மி.மீ. இடைவெளி போய்விடும். அத்துடன் கேம் கிராங்கை நெருங்குவதால் செயினின் இழுபக்கம் தொய்ந்து, அந்தத் தொய்வை டென்ஷனர் மறுபக்கம் வாங்கிக்கொள்ள, கேம் ரிடார்டு ஆகிறது, அதாவது வால்வுகளைத் தாமதமாக இயக்குகிறது. கேம் பல்சக்கரத்தின் ஆரம் 30 மி.மீ. என்றால் இது கிராங்கில் ஒரு டிகிரிக்குச் சற்று அதிகம். ரிடார்டு ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு தாமதமாக மூடும், இடைவெளி மேலும் குறையும். செயின் தேயும்போதும் கேம் இதே திசையில்தான் நகரும் என்பதால், இன்று அளந்த இடைவெளி நாளடைவில் குறையத்தான் செய்யும்.

கேமை அட்வான்ஸ் செய்து (முன்கூட்டியே இயங்கவைத்து) எக்ஸாஸ்டைக் காப்பாற்றலாம் என்றால், இரண்டு லோபும் (வால்வைத் தள்ளும் மேடுகள்) ஒரே தண்டில் இருப்பதால் அதே அசைவு உங்கள் 1.6 மி.மீ.ஐக் குறைக்கும். தடிமனான கேஸ்கெட் போட்டால் இடைவெளி கிடைக்கும், ஆனால் ஸ்குவிஷ் (பிஸ்டன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் இடையிலான நெருக்கம்) கெட்டுப்போகும். எனவே எக்ஸாஸ்ட் குழியை மட்டும் ஆழமாக்கி, சுவரையும் சற்று விலக்கி வெட்டுவதே சரியான வழி; வெட்டும் முன் பிஸ்டனின் அடிப்புறத்திலிருந்து அந்த இடத்தின் தடிமனை அளந்து பாருங்கள், மேல் ரிங் பள்ளத்துக்கு அருகே போகும் இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வெட்டியபின் கூர்மையான விளிம்புகளை மழுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவை சூட்டில் பழுத்து டெட்டனேஷனுக்கு (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பதற்கு) இடமளிக்கும்.

ஹெட் கையில் இருக்கும்போதே முழு லிஃப்டில் ஸ்பிரிங் சுருள்கள் முட்டுகின்றனவா, ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ரிட்டெய்னர் வால்வு சீலைத் தொடுகிறதா, ஓவர்லேப்பில் இரண்டு வால்வுகளும் ஒன்றையொன்று உரசுகின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள்.