வனிலாப் பூ வாடுவதற்குள்

கோவை மாடி:
வனிலா வளர்ப்பவர்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்கு ஒரு வரி: பூ ஒரே நாள்தான், அன்று காலையிலேயே நம் கையால் மகரந்தம் சேர்க்காவிட்டால் காய் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான்கு வருடக் கொடி. வடக்குப் பார்த்த பால்கனி, நிழல்வலை, தேங்காய் நார் சுற்றிய குழாய். ஆளுயரம் தாண்டியதும் நுனியை வளைத்துக் கீழே தொங்கவிட்டேன். இந்த மார்ச்சில்தான் முதல் பூங்கொத்து வந்தது. தினம் ஒன்றாக விரியும் என்று தெரியும். முதல் பூ விரிந்த அன்றைக்குப் பார்த்து நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம்! விடிவதற்குள் கிளம்பியாக வேண்டும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். “பூதானே, நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்றார். வனிலாப் பூவுக்கு நாளை ஏது?

திரும்பி வரும்போது மணி மூன்று. பூ நனைந்த காகிதம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மனசு கேட்காமல் ஒரு தீக்குச்சியால் உள்ளே மகரந்தம் சூல்முடியில் படாமல் மறைக்கும் அந்த மெல்லிய மூடியைத் தூக்கப் பார்த்தேன். கிழிந்து கையோடு வந்துவிட்டது. மகரந்தம் மட்டும் மஞ்சள் பசையாகக் கட்டைவிரலில் ஒட்டியிருந்தது. இரவு சாப்பிடும்வரை அதைக் கழுவவில்லை.

அப்புறம் வந்த பூக்களில் எட்டுக் காய் பிடித்தது. ஆனாலும் அந்த முதல் பூதான் கண்ணில் நிற்கிறது.

கூடலூர்க்காரன்:
எட்டுக் காய்க்கே இப்படியா! எங்கள் வீட்டில் 2003இல் அப்பா வனிலாக் காய்க்கு ராத்திரி டார்ச்சோடு காவல் இருந்தார். வனிலா அதிகம் விளையும் மடகாஸ்கரில் புயல் அடித்துவிட்டதால் பச்சைக் காய் கிலோ 3000 ரூபாய்க்கு மேல் போன காலம். ஆளாளுக்குக் காப்பிச் செடிக்கு நடுவே கொடி வைத்தார்கள். இரண்டே வருடத்தில் விலை விழுந்து வியாபாரி வருவதே நின்றுவிட்டது. பச்சைக் காயில் வாசனையே இருக்காது. வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்க வைத்து, மாதக்கணக்கில் உலர்த்தினால்தான் வரும். அந்த வித்தை எங்களுக்குத் தெரியாது. பறிக்காமல் விட்ட காய்கள் கொடியிலேயே பழுத்து வெடித்தன. ஒருநாள் காலை வீடு முழுக்க ஐஸ்கிரீம் வாசனை. அப்பா எழுந்து ஜன்னலைச் சாத்தினார். எனக்கு இன்றும் வனிலா ஐஸ்கிரீம் இறங்காது.

குமரி ஜாதிக்காய்:
கூடலூர் அண்ணா, விலை விழுந்ததற்குக் கொடி என்ன பண்ணும்? கோவை அக்காவின் வருத்தம் வேறு வகை. எனக்கு அது புரியும். கொட்டையிலிருந்து முளைக்கவைத்த ஜாதிக்காய்க் கன்றை ஏழு வருடம் கொல்லையில் வளர்த்தேன். ஒருநாள் கொத்துக்கொத்தாகப் பூத்தது. தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. தேங்காய் பறிக்க வந்த தாத்தா ஒரு பூவைக் கிள்ளி நகத்தால் பிளந்து பார்த்துவிட்டு, “இது ஆணு, மக்களே” என்றார். காயே காய்க்காதாம். பெண் மரத்தில் இப்படிக் கொத்தாகப் பூக்காதாம். ஏழு வருடம்! பெண் மரத்துக் கிளையை ஒட்டிய ஒட்டுக்கன்று வாங்கியிருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. மரத்தை வெட்டவில்லை. துணி காயப்போடக் கயிறு கட்டியிருக்கிறேன்.

சேலம் மிளகு:
என் கதை சின்னது. தொட்டியில் வைத்த மிளகுக்கொடி சுவர் ஏறிப் பக்கத்து வீட்டு மாமரத்துக்குப் போய், அங்கேதான் காய்க்கிறது. அவர்கள் வருடா வருடம் ஒரு பொட்டலம் தருகிறார்கள், என் மிளகை எனக்கே.

தொட்டியில் வைப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். தரையில் ஓடும் கொடியை வெட்டி நட்டால் ஏறிக்கொண்டேதான் போகும். காய்க்கிற கொடியின் பக்கக் கிளையை, மூன்று நான்கு கணுவோடு வெட்டி, பிளாஸ்டிக் பைக்குள் ஈரம் காயாமல் வைத்து வேர் பிடிக்கச் செய்யுங்கள். அது ஏறாது, குத்துச்செடியாக நின்று காய்க்கும். மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, தொழுவுரம் ஒன்று. கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு. அடியில் தண்ணீர் தேங்கினால் வாடல் நோய் வந்து ஒரே வாரத்தில் கதை முடிந்துவிடும். உச்சிவெயில் கூடாது. வனிலாவுக்கும் அதே கதைதான், வேர் அழுகும். கோவை அக்கா, தீக்குச்சி தடிமன், பல்குத்தும் குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மாடியில் ஒரு தேனீப் பெட்டி வைத்துவிட்டால் ஊருக்குப் போனாலும் கவலையில்லை.

குமரி ஜாதிக்காய்:
தேனீப் பெட்டியா? சார், நம் ஊர்த் தேனீ அந்த மூடியைத் தூக்காது. அது வனிலாவின் சொந்த ஊரான மெக்சிகோ பக்கத்துத் தேனீக்கள் செய்கிற வேலை. 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் குச்சியும் கட்டைவிரலும் வைத்துச் செய்துகாட்டிய முறையைத்தான் இன்னமும் எல்லோரும் செய்கிறோம். மிளகு பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

சேலம் மிளகு:
சரி, தேனீயை விடுங்கள். மண் கலவை சரிதானே?

கோவை மாடி:
பல்குத்தும் குச்சிக்கு எப்போதோ மாறிவிட்டேன். காய் முற்ற டிசம்பர் ஆகும். இன்று காலை வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து, “ஏழுதான் இருக்கு, ஒண்ணு எங்கே?” என்று கத்தினார். உதிர்ந்தது எனக்கு நேற்றே தெரியும். அவர் தினமும் எண்ணுகிறார் என்பது இன்றுதான் தெரிந்தது.